சக்கரமும் சங்கும் இடம் மாறினால்

வேங்கடவனின் வலக்கையில் சக்கரம், இடக்கையில் சங்கு. எதிரே நிற்பவருக்குச் சக்கரம் இடப்பக்கம் தெரியும், சங்கு வலப்பக்கம் தெரியும், நடுவில் திருநாமம். திருப்பதி வட்டாரத்தில் பூஜை அறைக் கதவு, வாசல் பலகை, ஜாலி கட்டிங் என்று எங்கு பார்த்தாலும் இந்த மூன்றையும் காணலாம். காளஹஸ்திக்குப் பக்கத்து மாதவமாலை கிராமத்து மரச் சிற்பிகள் இதை உளியால் செதுக்குகிறார்கள். சங்கு இடம் மாறினால் அவர்கள் கண் உடனே கண்டுபிடித்துவிடும். கணினி சொல்லும் பாதையில் மரத்தை வெட்டும் சிஎன்சி ரூட்டருக்குச் சங்கும் தெரியாது, சக்கரமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே.

எண்களால் இயந்திரத்தை ஓட்டலாம் என்பதை 1952-ல் அமெரிக்காவின் எம்ஐடி, துளையிட்ட காகித நாடாவை வைத்துச் செய்து காட்டியது. இன்று அந்த நாடாவின் இடத்தில் இருப்பது ஜி-கோட் என்னும் கட்டளைத் தொடர். கோரல்டிராவிலோ இங்க்ஸ்கேப்பிலோ வரைந்த கோடு, டிஎக்ஸ்எஃப் அல்லது எஸ்விஜி ஃபைலாகி, வெட்டுப் பாதை போடும் மென்பொருளுக்குப் போய், அங்கிருந்து ஜி-கோடாக இயந்திரத்தை அடைகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதாவது ஒன்று நழுவக்கூடும்.

முதலில் திசை. எஸ்விஜி ஃபைலில் தொடக்கப்புள்ளி இடது மேல் மூலையில் இருக்கும். கீழே போகப் போக ஒய் மதிப்பு கூடும். சிஎன்சி மேசையிலோ மேல்நோக்கிப் போனால்தான் கூடும். பெரும்பாலான மென்பொருள்கள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். செய்யாதபோது படம் தலைகீழாக வந்து நிற்கும். வெட்டித் தரும் கடைக்காரர் அதை 180 பாகை சுழற்றுவார், படம் நிமிர்ந்துவிடும், எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் வந்தது கண்ணாடி பிம்பம். எவ்வளவு சுழற்றினாலும் பிம்பம் அசலாகாது. சக்கரம் வலப்பக்கம் போயிருக்கும், சங்கு இடப்பக்கம் வந்திருக்கும், வலம்புரி இடம்புரியாகியிருக்கும். திருநாமம் மட்டும் இரு பக்கமும் ஒத்த வடிவம் என்பதால் காட்டிக்கொடுக்காது. இதற்குச் சுழற்சி மருந்தல்ல. மேல்கீழாகப் புரட்ட வேண்டும்.

அடுத்தது அளவு. இதில்தான் மரம் அதிகம் வீணாகும். இங்க்ஸ்கேப் மென்பொருள் நெடுங்காலம் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கிட்டது. 2017-ல் வந்த 0.92 பதிப்பில் அது 96 ஆனது. பழைய கணக்கில் 600 மி.மீ. அகலத்தில் வரைந்ததைப் புதிய கணக்கில் படித்தால் 562.5 மி.மீ. ஆகிவிடும். அங்குலத்துக்கு 72 என்று எழுதிய ஃபைலாக இருந்தால் அதுவே 450 மி.மீ. 450-ஐப் பார்த்ததும் கை நின்றுவிடும். 562.5 அப்படியல்ல, கண்ணுக்கு உறுத்தாது, கதவுச் சட்டத்தில் பொருத்தும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆட்டோடெஸ்க் 1982-ல் ஆட்டோகேடுடன் கொண்டுவந்த டிஎக்ஸ்எஃப் இன்றும் எல்லோருக்கும் பொது மொழி. அதன் பழைய பதிப்புகளில் உள்ள எண் மி.மீ.யா அங்குலமா என்பதற்குத் தெளிவான குறிப்பே கிடையாது. 600 அங்குலம் என்றால் 15 மீட்டருக்கு மேல்!

மூன்றாவது வளைவு. திரையில் நாம் இழுக்கும் வளைவுகள், ரெனோ கார் நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியேயின் பெயரைத் தாங்கியவை. அவற்றால் வட்டத்தைக்கூட முழுத் துல்லியமாக வரைய முடியாது. பிழை மிகச் சிறியது, அவ்வளவுதான். பல மாற்றிகள் வளைவைச் சிறு நேர்கோடுகளாக உடைக்கின்றன. 100 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்தை 0.1 மி.மீ. விலகலை அனுமதித்து உடைத்தால் சுமார் 70 கோடுகள் போதும், ஆனால் பாலிஷ் போட்டதும் விளிம்பில் பட்டைகள் தெரியலாம். 0.01 என்று இறுக்கினால் சுமார் 222 கோடுகள் ஆகும், விளிம்பு வழவழப்பாகும். வட்டத்தை வட்டமாகவே அனுப்ப வழியிருந்தால் அதுவே மேல்.

எழுத்துகளுக்கு வேறு தொல்லை. நம் ஃபான்ட் கடையின் கணினியில் இல்லாவிட்டால் தெலுங்கும் தமிழும் குழம்பிவிடும். 'கர்வ் பண்ணி அனுப்புங்க', அதாவது எழுத்தை வெறும் வடிவக் கோடாக்கி அனுப்புங்கள் என்று கடைக்காரர்கள் சொல்வது இதனால்தான். தெலுங்கில் அடியில் வரும் ஒத்தெழுத்து மேலெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் இடங்களை ஒன்றாக இணைக்காவிட்டால் வெட்டும் பிட் எழுத்தின் நடுவே புகுந்து அறுத்துவிடும். திரையில் தடித்துத் தெரியும் கோட்டிலும் சிக்கல் உண்டு; இயந்திரத்துக்கு அதன் நடுக்கோடு மட்டுமே தெரியும். அந்த நடுக்கோட்டிலேயே 6 மி.மீ. பிட் ஓடினால் இருபுறமும் 3 மி.மீ. தின்றுவிடும்.

ஆகவே டிசைன் வரைபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தின் மூலையில் 100 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரமும், அதனுள் கர்வாக மாற்றிய ஒரு 'க'வும் போட்டு அனுப்புங்கள். சதுரம் 100 காட்டினால் அளவு சரி, 'க' நேராகப் படிக்க வந்தால் திசை சரி. இரண்டையும் பார்த்து அழித்துவிட்டு, அதன் பிறகே பலகையை மேசையில் ஏற்றச் சொல்லுங்கள்.