மகள் வேதியியல் சேருகிறாளா? துணைப்பாடத்தை விசாரியுங்க

திருச்சி, ஸ்ரீரங்கம் கல்லூரிகளில் பிள்ளையைச் சேர்க்கும்போது ஃபீஸ், பஸ், ஹாஸ்டல் எல்லாம் விசாரிக்கிறோம். துணைப்பாடத்தைக் கேட்பதில்லை. பி.எஸ்சி. வேதியியல் முதல் வருஷத்தில் தமிழ், ஆங்கிலம், வேதியியலோடு ‘அலைடு’ என்ற துணைப்பாடமும் உண்டு. கணிதம், இயற்பியல், தாவரவியல், விலங்கியல் என்று அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதில் பெயிலானாலும் பட்டம் கிடைக்காது.

பிளஸ் டூவில் கணிதம் எடுக்காத பிள்ளைக்கு இதுதான் சிக்கல். விண்ணப்பம் போடும் முன்பே, கணிதம் கட்டாயமா, வேறு பாடம் மாற்றிக்கலாமா என்று துறை ஆசிரியரிடமே கேளுங்க. அதுக்காகக் கணக்கை அடியோடு விடவும் முடியாது. வேதிவினையின் வேகம், வெப்பம் எல்லாம் கணக்குதான். துவாக்குடி என்.ஐ.டி.யில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்க ஆசைன்னா ‘ஜாம்’ நுழைவுத்தேர்வு எழுதணும். அதிலும் பிளஸ் டூ அளவுக் கணிதம் வரும்.