மரத்தின் தோல்

பாரிஸ் நகரத் தெருக்களில் அதிகமாக நிற்பது பிளத்தான் மரமே. லா சப்பலிலிருந்து சிறிது தூரம் நடந்து சென் மார்த்தன் கால்வாய்க் கரைக்குச் சென்றால் அதனை நிரை நிரையாகக் காணலாம். கோடையில் அதன் பட்டை தகடு தகடாகக் கழன்று விழும். மரத்துக்கு ஏதோ நோய் என்று எண்ணத் தோன்றும். நோயன்று. அடிமரம் பருக்கும்போது பழைய பட்டை விரிந்து கொடுக்காததால் உதிர்கிறது. அதற்கு முன்பே உள்ளே புதுப்பட்டை ஆயத்தமாகிவிடும்.

பட்டை ஒன்றல்ல, இரண்டு. வெளிப்பட்டை இறந்த கலங்களாலானது. அவற்றில் மெழுகுத்தன்மையான பொருள் ஊறியிருப்பதால் உள்ளிருக்கும் நீர் எளிதில் வெளியேறாது. பூஞ்சணமும் பூச்சியும் எளிதில் உட்புகா. வெயிலையும் குளிரையும் முதலில் தாங்குவதும் அதுவே. உட்பட்டையோ உயிருள்ளது. இலையில் ஆக்கப்பட்ட உணவு அதன் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது.

ஆகவே அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்தால் மரம் உடனே வாடாது. இலைகள் சில காலம் பசுமையாகவே நிற்கும். கீழே வேர் பட்டினி கிடக்கும். பின்பு மரம் சாகும். இலங்கையில் கறுவா உரிப்போர் நிற்கும் மரத்தில் கத்தி வைப்பதில்லை. தண்டை வெட்டியெடுத்த பின்பே பட்டையை உரிப்பார்கள். அடிக்கட்டை மறுபடியும் தளிர்க்கும்.

நமது தோலில் பட்ட காயம் ஆறும். மரத்தின் காயம் அப்படி ஆறுவதில்லை. ஓரங்களிலிருந்து புதிய பகுதி வளர்ந்து அதனை மூடுமேயன்றி, கெட்டது உள்ளேயே இருக்கும். மூடுவதற்கு முன் கிருமி புகுந்தால் என்ன நேரும் என்பதற்குத் தென் பிரான்சின் மிடி கால்வாய் சாட்சி. அதன் கரையோரம் ஏறத்தாழ 42,000 பிளத்தான்கள் நின்றன. 2006ஆம் ஆண்டு அங்கே ஒரு பூஞ்சண நோய் கண்டறியப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டிப் பலகையோடு ஐரோப்பாவுக்கு வந்ததாகக் கருதப்படும் பூஞ்சணம் அது. வேரிலோ அடிமரத்திலோ உள்ள சிறு காயமே அதற்கு வாசல்; படகுக் கயிறு உராய்ந்த இடமும் போதும். மருந்து கிடையாது. நோயுற்றதையும் அயலில் நின்றவற்றையும் வெட்டி எரிப்பதே வழி. பல்லாயிரம் மரங்கள் அவ்வாறு போயின.

விழாக்காலத்தில் தெருமரத்தில் தோரணமோ அறிவித்தலோ கட்ட முனைவோர் கவனிக்க வேண்டியது இதுதான். ஆணி அடித்தால் அது காயம். கம்பி அதைவிடக் கொடிது. கழற்ற மறந்துவிட்டால் மரம் பருக்கப் பருக்கப் பட்டைக்குள் புதைந்து, மேலே சொன்ன வளையமாகவே ஆகிவிடும். துணிநாடாவால் தளர்வாகக் கட்டி, விழா முடிந்த அன்றே அவிழ்த்துவிட்டால் மரத்துக்கு ஒன்றுமில்லை.