மாட் கிராமத்தில் ஒரு பகல்

மதுவைப்பற்றி எழுதுவதற்கு எனக்கு யாதொரு தகுதியும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் வீட்டுப் படலைக்குள் கருப்பநீர் வந்ததுண்டு, கள் வந்ததில்லை. அவ்வாறு வளர்ந்த ஒருவன், உலகப் புகழ்பெற்ற ஒரு மதுவின் பிறப்பிடத்தைத் தேடிப் போனது ஏன் என்று வாசகர் வினவலாம். பழம் அழுகினால் அதை வேலிக்கு அப்பால் எறிவதே நாம் அறிந்த வழக்கம். பழம் அழுகுவதற்காகவே ஓர் ஊர் முழுவதும் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, அந்த விந்தையைக் கண்ணாற் காணவேண்டுமென்ற ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது.

புடாபெஸ்ட் நகரில் அறிமுகமான மாணவி ஒருத்தி, தன் பாட்டனாரின் ஊர் அதுவே என்றும், தானே அழைத்துச் செல்வதாகவும் கூறினாள். ஒக்டோபர் மாதக் கடைசியில், விடியுமுன்னரே, நகரின் கிழக்குப் புகையிரத நிலையத்தில் வண்டியேறினோம். ஹங்கேரியின் பெருஞ் சமவெளியை ஓரமாகக் கடந்து, ஸெரெஞ்ச் என்னும் பட்டினத்தில் இறங்கினோம். ஒரு காலத்தில் பெரிய சீனித் தொழிற்சாலையால் வாழ்ந்த பட்டினம் அது. அத் தொழிற்சாலை 2008-ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. அங்கிருந்து வேறொரு சிறு வண்டி எங்களை மலையடிவாரத்துக்குக் கொண்டுசென்றது.

மாட், ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வாழும் சிற்றூர். ஹங்கேரியின் வடகிழக்கிலே டொக்காய் மலையடி என வழங்கும் பிரதேசத்தின் 27 ஊர்களில் அதுவும் ஒன்று. செம்ப்ளேன் மலைகளின் தென்புறச் சரிவுகள் யாவும் முந்திரிகைத் தோட்டங்களே. பன்னெடுங் காலத்துக்கு முன் அவிந்துபோன எரிமலைகள் விட்டுச் சென்ற மண் அது. கல்லும் சாம்பலும் களியும் கலந்த அம் மண்ணிலே கொடிகள் வரிசை வரிசையாக நின்றன. இலைகள் பொன்னிறமாகப் பழுத்திருந்தன. ஆனால் அவற்றை நான் உடனே காணவில்லை. ஊரையே மூடிப் பஞ்சுப்பொதி போன்ற மூடுபனி கிடந்தது.

வாசலிலே எங்களை எதிர்கொண்டவர் தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கும் ஒரு முதியவர். ஒல்லியான உடம்பு, கொடி வெட்டிக் காய்த்துப்போன கைகள். "இஷ்தென் ஹொஸ்தா" என்று என் கையைப் பற்றினார். 'கடவுள் உம்மைக் கொண்டுவந்தார்' என்பது அதன் பொருளாம். வந்தாரை வரவேற்க இதனினும் அழகிய தொடர் வேண்டுமோ?

உள்ளே நுழையும்போது ஒன்று என் கண்ணிற் பட்டது. வீடு புதிதாக வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. ஆனால் வாசற்கதவின் வலப்பக்க நிலையிலே, தோளுயரத்தில், ஒரு சாண் நீளத்துக்குச் சாய்வாக ஒரு பள்ளம்; அதைமட்டும் பூசாமலும் நிரவாமலும் விட்டிருந்தார்கள். அது என்ன என்று கேட்டேன். பேத்தி மொழிபெயர்த்தாள். முதியவர் சற்று நேரம் பேசாதிருந்து, "முதலில் தோட்டத்தைப் பாரும். அதைப் பின்னர் சொல்லுகிறேன்" என்றார்.

பத்து மணியளவில் மூடுபனி கலைந்தது. அந்தப் பனியிலேதான் இரகசியமெல்லாம் அடங்கியிருக்கிறது. பொட்ரொக், டீசா என்னும் இரு ஆறுகள் டொக்காய்ப் பட்டினத்தருகே கூடுகின்றன. இலையுதிர் காலத்திலே இரவில் அந்த நீர்ப்பரப்புகளிலிருந்து எழும் ஈரம் காலையில் சரிவுகளைப் போர்த்துகிறது. பிற்பகலில் வெயிலும் காற்றும் உலர்த்துகின்றன. ஈரத்தில் ஒருவகைப் பூஞ்சணம் பழத்தில் பற்றித் தோலை நுண்ணிதாகத் துளைக்கிறது. உலர்ச்சியில் அத் துளைகளூடாக நீர் ஆவியாகிப் போகிறது. இனிப்பும் புளிப்பும் பழத்துள்ளே திரள்கின்றன. இவ்வாறு சுருங்கிய பழத்துக்கு 'அஸூ' என்று பெயர். மழை விடாது பெய்தாலோ, அதே பூஞ்சணம் சாம்பல் நிற அழுகலாகிக் குலையையே நாசமாக்கிவிடும். வரமும் சாபமும் ஒரே விதையில் இருக்கின்றன. எது முளைக்கும் என்பதை வானம் தீர்மானிக்கிறது.

தோட்டத்தில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்தனர். ஒரு குலையிலே பத்துப் பழம் சுருங்கியிருக்கும். மற்றவை பச்சைப்பொன்னாய்ப் பளபளக்கும். சுருங்கியவற்றை ஒவ்வொன்றாகக் கிள்ளி ஒரு வாளியிலும், நல்லவற்றை வேறொரு வாளியிலும் இடவேண்டும். ஒருவர் நாள் முழுதும் கிள்ளினால் 8 அல்லது 10 கிலோ சேரும். நானும் ஒரு மணி நேரம் முயன்றேன். கையெல்லாம் பிசின்போல் ஒட்டியது. வாளியின் அடி மறையவில்லை. அருகில் நின்ற அம்மையார் என் வாளியை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தம் வாளியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டார். ஒரு பழத்தை வாயிலிட்டேன். தேனும் புளியும் கலந்த முந்திரிகை வற்றலின் சுவை.

இப் பழங்களைப் புதிய சாற்றிலோ இளமதுவிலோ ஊறவைத்துப் பிழிந்து, குறைந்தது 18 மாதங்கள் மரப்பீப்பாவில் வைத்து முதிரச் செய்கிறார்கள். முன்னாளில் பழத்தை அளந்தது முதுகிற் சுமக்கும் மரக்கூடையால். 'புட்டோன்' என்னும் அக் கூடை ஏறக்குறைய 25 கிலோ கொள்ளும். 136 லீற்றர் கொண்ட ஒரு பீப்பாவுக்கு எத்தனை கூடை பழம் சேர்ந்ததோ, அந்த எண்ணிக்கையே மதுவின் தரம். இன்று அளவுகோல் சீனியின் நிறைதான். 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி லீற்றருக்குக் குறைந்தது 120 கிராம் இருக்கவேண்டும். கூடை போய்விட்டது, அதன் பெயர் மட்டும் போத்தலின் மேல் இருக்கிறது.

இம் மதுவைக் கண்டுபிடித்தவர் ஸெப்ஷி லாச்கோ மாடே என்னும் மதகுரு என்றும், போர் அச்சத்தால் அறுவடை தாமதித்த ஓர் ஆண்டில் தற்செயலாக நேர்ந்ததென்றும் ஒரு கதை உண்டு. கதை இனியது, ஆனால் அம் மதகுரு பிறப்பதற்கு முன்னரே, 1571-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்றில் அஸூ மது குறிக்கப்பட்டிருக்கிறது. 1737-இல் அரச கட்டளையொன்று இப் பிரதேசத்தின் எல்லைகளை வகுத்தது. இவ்வாறு எல்லை வகுக்கப்பட்ட உலகின் முதல் மதுப் பிரதேசங்களுள் இதுவும் ஒன்று. ஹங்கேரியரின் தேசிய கீதத்திலேயே டொக்காயின் பெயர் வருகிறது என்றால், அவர்கள் இதை எவ்வளவு போற்றுகின்றனர் என்பது விளங்கும்.

ஆனால் புகழ் எப்பொழுதும் சோறு போடுவதில்லை. 1880-களில் பிலொக்ஸெரா என்னும் பூச்சி வேரைத் தின்று தோட்டங்களை அழித்தது. இரண்டாம் உலகப்போரின் பின் தோட்டங்கள் அரசாங்கப் பண்ணைகளாயின. சோவியத் நாட்டுக்கு அளவு கணக்கில் மது அனுப்புவதே நோக்கமாயிற்று. உழவு இயந்திரம் ஏறமுடியாத செங்குத்துச் சரிவுகள் கைவிடப்பட்டன. நல்ல பழம் விளைவது அச் சரிவுகளிலேதான். 1990-இன் பின் நிலைமை மாறியது. பிரித்தானிய எழுத்தாளர் ஹியூ ஜோன்சன் முதலானோர் இதே மாட் கிராமத்தில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். இவ்வூர் இஷ்ட்வான் ஸெப்ஷி தனித்தனித் தோட்டங்களின் பெயரால் மது செய்து கைவிட்ட சரிவுகளின் மதிப்பை மீண்டும் உலகுக்குக் காட்டினார். 2002-இல் இப் பிரதேசம் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

பிற்பகலில் முதியவர் எங்களை ஊரின் மேட்டுப்பக்கம் அழைத்துச் சென்றார். அங்கே அழகிய தொழுகைக்கூடம் ஒன்று நின்றது. யூதர்கள் 1795-இல் கட்டியது. உள்ளே நான்கு தூண்கள் நடுமேடையைச் சூழ்ந்து கூரையைத் தாங்குகின்றன. சுவரெங்கும் மென்னிற ஓவியங்கள். 2004-இல் செப்பமாகப் புதுப்பித்திருக்கிறார்கள். எல்லாம் இருந்தன. தொழுவோர் இல்லை.

"இவர்கள்தான் எங்கள் மதுவைப் போலந்துக்கும் அப்பாலும் கொண்டுபோய் விற்றவர்கள்" என்றார் முதியவர். அதன்பின் வாங்கொன்றில் அமர்ந்து, காலையில் சொல்வதாகக் கூறியதைச் சொன்னார். பேத்தி தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்தாள்.

1944-இல் அவருக்கு எட்டு வயது. தந்தையார் தோட்டக் கூலியாள். இப்பொழுது அவர் வாழும் வீட்டில் அப்பொழுது ஒரு யூத மது வணிகரின் குடும்பம் இருந்தது. அவ்வீட்டுப் பையனும் இவரும் விளையாட்டுத் தோழர்கள். அவ் வசந்தகாலத்தில் ஊரின் யூதர் அனைவரையும் திரட்டி, ஷாடொரால்யா உய்ஹெய் என்னும் பட்டினத்தில் அடைத்துவைத்து, அங்கிருந்து புகையிரதத்தில் அவுஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு மே மாத நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை, எட்டு வாரங்களுள், ஹங்கேரியிலிருந்து இவ்வாறு அனுப்பப்பட்டோர் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த அன்றே கொல்லப்பட்டனர்.

"வெறுமையான வீடுகளைப் பின்னர் பகிர்ந்து கொடுத்தார்கள். எங்களுக்கு அந்த வீட்டில் இரண்டு அறை கிடைத்தது. நாங்கள் கேட்கவில்லை, ஆனால் வேண்டாமென்றும் சொல்லவில்லை. என் தோழனின் கட்டிலிலே நான் படுத்தேன்" என்றார்.

போர் முடிந்த மறு ஆண்டு, அக் குடும்பத்தின் மூத்த மகள் ஒருத்தி மட்டும் திரும்பி வந்தாள். வீட்டினுள் வரவில்லை. வாசலில் நின்று கதவு நிலையைப் பார்த்தாள். யூதர் தம் வேத வாசகத்தைச் சிறு பேழையில் இட்டு வாசல் நிலையிற் பதிப்பது வழக்கம், அப்பேழை பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டது, பள்ளம் மட்டும் இருந்தது. அவள் அதை விரலால் தொட்டாள்.

"என் தாயார் அவளுக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார். வந்தவருக்கு மது கொடுப்பதுதான் எங்கள் ஊர் முறை. ஆனால் நிலவறையில் இருந்தது அவர்களுடைய மது. அவர்களுடையதையே எடுத்து அவளுக்கு உபசாரமாகக் கொடுப்பதற்குத் தாயாருக்கு வெட்கமாக இருந்தது. அவள் தண்ணீரைக் குடித்தாள், நன்றி சொன்னாள், போய்விட்டாள். பின்னர் வரவேயில்லை. நிலவறையை அரசாங்கம் எடுத்தது. 1990-களில் நான் அதை விலைகொடுத்து வாங்கினேன். அரசாங்கத்துக்குத்தான் கொடுத்தேன், கொடுக்கவேண்டியவர்கள் இங்கே இல்லையே. வெள்ளையடிக்கும் ஒவ்வொரு முறையும் கொத்தனாரிடம் அந்தப் பள்ளத்தைத் தொடாதே என்று சொல்லுவேன்."

பூட்டிய கதவுகளும், ஆளில்லாத வளவுகளும் கண்ட நாட்டிலிருந்து போனவன் நான். ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. சும்மா இருந்தேன்.

மாலையில் நிலவறைக்குள் இறங்கினோம். கல்லைக் குடைந்து செய்த ஒடுங்கிய சுரங்கம். வெளியே எவ்வளவு குளிரோ வெயிலோ, உள்ளே எப்பொழுதும் பத்துப் பன்னிரண்டு பாகைதான். சுவரெங்கும் கரிய பூஞ்சணம், பூனையின் மயிர்போல மெத்தென்று படர்ந்திருந்தது. பீப்பாக்களிலிருந்து கசியும் மதுவின் ஆவியையே உண்டு அது வாழ்கிறதாம். முதியவர் ஒரு சிறு கண்ணாடிக் குடுவையைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது 'எஸென்சியா'. அஸூப் பழங்களைக் குவித்து வைத்தால், பிழியாமலே, தம் பாரத்தினாலேயே துளித் துளியாக வடியும் சாறு. லீற்றருக்கு 450 கிராமுக்கு மேல் சீனி கொண்டது. ஆதலால் நொதிப்பதற்கே ஆண்டுகள் செல்லும். வெறிப்பொருள் மிகச் சொற்பம். இதைக் கிண்ணத்தில் அருந்துவதில்லை, கரண்டியிலே கொடுக்கிறார்கள்.

"நான் மது அருந்தும் வழக்கமில்லாதவன், ஐயா" என்றேன்.

பேத்தி மொழிபெயர்த்ததும் முதியவர் தலையசைத்தார். அவர் கோபிக்கவில்லை; வற்புறுத்தவுமில்லை. "நல்லது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று அந்தப் பெண்ணுக்கு என் தாயார் கொடாததை, இந்த வாசலுக்கு வருகின்ற ஒவ்வொருவருக்கும் நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கடன் தீராது என்று தெரியும். கொடுக்கிறேன்" என்றார்.

நான் கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

அதன் சுவையை வருணிக்க எனக்குச் சொல் போதாது. தேனைவிட அடர்த்தி; உடனே பின்னால் ஒரு கூரிய புளிப்பு வந்து அவ்வினிப்பைத் தாங்கி நின்றது. நெடுநேரம் நாவில் இருந்தது. நாங்கள் மூவரும் ஒன்றும் பேசவில்லை.

புறப்படுமுன், சுவரின் பூஞ்சணத்தில் அங்கங்கே நாணயங்கள் மினுங்குவதைக் கண்டேன். மீண்டும் வர விரும்புகிறவர்கள் ஒரு நாணயத்தை அதில் ஒட்டிவிட்டுப் போவார்களாம். என் சட்டைப்பையைத் துழாவினேன். அகப்பட்டது நம் நாட்டு இரண்டு ரூபாய்க் குற்றி. அதைச் சுவரில் வைத்து அழுத்தினேன், ஒட்டிக்கொண்டது.

வெளியே வந்தபோது ஆறுகளின் பக்கமாக மீண்டும் பனி ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கும் பழம் நன்றாகச் சுருங்கும் என்றார் முதியவர். வாசலைத் தாண்டும்போது அவர் கை, வழக்கமாகச் செய்வதுபோல, கதவு நிலையின் அந்தப் பள்ளத்தை ஒருமுறை தடவிச் சென்றது.