பிரேக் போடுகிறவருக்கே லாபம்

மாருதி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் வந்தபோது லிட்டருக்கு 27.97 கி.மீ. என்றார்கள். ஆய்வுக்கூடச் சோதனையில் கிடைத்த எண் அது. உசிலம்பட்டிப் பக்கம் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "நம்ம ரோட்டுல டிராஃபிக்கே இல்லையே, இன்னும் கூடவே கொடுக்கும்" என்று கணக்குப் போடலாம். ஹைபிரிட்டைப் பொறுத்தவரை அது தலைகீழ்க் கணக்கு.

சாதாரண காரில் பிரேக்கை மிதித்தால் வண்டி ஓடிவந்த ஆற்றல் முழுக்கச் சூடாகி வீணாகிறது. ஹைபிரிட்டில் இன்ஜினோடு மின்மோட்டாரும் உண்டு; பிரேக் போடும்போது அந்த மோட்டாரே டைனமோவாக மாறி, அந்த ஆற்றலில் ஒரு பங்கைப் பேட்டரியில் சேர்க்கிறது. ஊர்ந்து போகையில் இன்ஜினை அணைத்துவிட்டு, சேர்த்ததைச் செலவழிக்கிறது. சீராக 80-ல் ஓடும் காரில் சேர்க்க என்ன இருக்கிறது?

அமெரிக்க அரசு வெளியிட்ட 2024 டொயோட்டா கேம்ரி அளவுகளை நம் கணக்குக்கு மாற்றினால் இது பளிச்சென்று தெரியும். 100 கி.மீ. நகர ஓட்டத்துக்குப் பெட்ரோல் கேம்ரி சுமார் 8.4 லிட்டர் குடிக்கிறது, ஹைபிரிட் 4.6. நெடுஞ்சாலையில் 6.0, 4.4. மிச்சம் 3.8 லிட்டரிலிருந்து 1.6 ஆகச் சுருங்கிவிடுகிறது. பெட்ரோல் 100 ரூபாய், ஆண்டுக்கு 10,000 கி.மீ. என்று வைத்தால் நகரத்தில் 38,000 ரூபாய், நெடுஞ்சாலையில் 16,000. ஹைபிரிட்டுக்குக் கூடுதலாக 2 லட்சம் கொடுத்திருந்தால் நகரத்தில் ஓட்டுபவருக்கு ஐந்தேகால் ஆண்டில் பணம் திரும்பும். நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் பன்னிரண்டரை ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஆனால் நம் கிராமத்துச் சாலை அமெரிக்க நெடுஞ்சாலை அல்லவே. ஊருக்கு ஊர் வேகத்தடை, குறுக்கே ஆடு, பாதிச் சாலையில் காயும் நெல். 60-ல் வரும் காரில் 30-ல் வரும் காரைவிட நான்கு மடங்கு இயக்க ஆற்றல் இருப்பதால், ஒவ்வொரு முறை வேகம் குறைக்கும்போதும் சேமிப்புக்கு வாய்ப்பு உண்டு. ஒரு நிபந்தனை: முன்கூட்டியே மெதுவாகக் குறைக்க வேண்டும். வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடையைக் கடைசி நொடியில் பார்த்து அழுத்தி மிதித்தால், மோட்டாரால் சமாளிக்க முடியாது; சாதாரண பிரேக்தான் வேலை செய்யும். சேமிப்பு போச்சு!

மலைப்பாதை வேறு கதை. கிராண்ட் விட்டாரா பேட்டரியின் கொள்ளளவு சுமார் 0.76 கிலோவாட்-மணிதான். கொடைக்கானலிலிருந்து வத்தலகுண்டு இறங்கும் கார், சில நூறு மீட்டர் உயரம் இறங்குவதற்குள் அதை நிரப்பிவிடும். மீதி இறக்கத்தில் எதையும் சேர்க்க இடமில்லை. ஏறும்போதோ பேட்டரி சீக்கிரம் தீர்ந்து, இன்ஜின் தனியாகத்தான் இழுக்க வேண்டும்.

ஆனாலும் இந்த பேட்டரி ஓட்டத்திலேயே நிரம்புவதால், மின்வெட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம், சார்ஜர் தேட வேண்டாம் என்பது கிராமத்தாருக்கு நிஜமான வசதி.

புழுதி இன்னொரு விஷயம். பல ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் சீட்டருகே உள்ள துவாரம் வழியாகப் போகிறது. உர மூட்டையை அதன்மேல் சாய்த்து வைத்தாலோ, வடிகட்டியில் மண் அடைத்தாலோ பேட்டரி சூடாகும். சர்வீசுக்கு விடும்போது அந்த வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.