பல் மழுங்கினால் ஆபத்து! மரம் அறுக்கும் எந்திரத்தைத் தீட்டுவது எப்படி?

கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூருக்குப் போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது, குருபரப்பள்ளி. புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டு இருக்கும் ஊர். சுற்றிலும் மாந்தோப்புகள். கடைத்தெருவில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும்.

மா அறுவடை முடிந்ததும் தோப்புகளில் இன்னொரு சத்தம் கிளம்பும். "கிர்ர்ர்..." என்று காதைத் துளைக்கும் சத்தம்! பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் எந்திரம்தான் அது. "செயின் ஷா" என்கிறார்களே, அதேதான். காய்ந்த கிளைகளைக் கழிக்கவும், காய்ப்பு ஓய்ந்த பழைய மரங்களைக் கவாத்து செய்யவும் அது வேண்டும்.

இரண்டு ஆட்கள் ரம்பம் பிடித்து, வியர்வை சிந்தி அறுக்கும் மரத்தை இது சில நிமிடங்களில் அறுத்துத் தள்ளிவிடும். முழு வேகத்தில் ஓடும்போது இதன் சங்கிலி ஒரு விநாடிக்குச் சுமார் 60 அடி தூரம் பாய்கிறது. அந்தச் சங்கிலி பட்டால் மனிதக் கை என்ன ஆகும்? சொல்லத் தேவை இல்லை.

புழு காட்டிய வழி

பெட்ரோல் ரம்பங்கள் ஜெர்மனியில் 1920-களில் பிறந்தன. அவற்றின் பற்கள் கைரம்பத்தின் பற்களைப் போலவே இருந்தன. சீக்கிரம் மழுங்கின. தீட்டவும் நெடுநேரம் பிடித்தது.

1946-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர் விறகு வெட்டிக்கொண்டு இருந்தார். அடிமரம் ஒன்றில் விரல் பருமன் உள்ள ஒரு புழு, கட்டையை வெகு சுலபமாகக் குடைந்துகொண்டு போவதைப் பார்த்தார். உற்றுக் கவனித்தார். அது இடமும் வலமுமாகக் கடித்துச் சென்றது. காக்ஸ் அதே மாதிரி, ஒரு பல் இடது பக்கம், அடுத்த பல் வலது பக்கம் என்று வளைந்த பற்கள் வைத்துச் சங்கிலி செய்தார். 1947-ல் அது விற்பனைக்கு வந்தது. இன்று உலகம் முழுவதும் ஓடுகிற சங்கிலிகள் பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

குருபரப்பள்ளி விவசாயிக்கு இந்தப் புழுவின் உறவுக்காரனைத் தெரியும். மாமரத்தை உள்ளுக்குள் குடைந்து சாகடிக்கும் தண்டு துளைப்பான் புழுதான் அது. மரத்துக்கு எமன், ரம்பத்துக்கு வாத்தியார்!

தூளைப் பாருங்கள்

பல் மழுங்கிவிட்டதா என்று அறிய, கீழே விழும் தூளைப் பார்த்தாலே போதும். கூர்மையான பல், மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய பல், மாவு போல உதிர்க்கும். வெட்டுகிற இடத்தில் புகை வரும். எந்திரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. கூர் இருந்தால் எந்திரம் தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும். கூர் போய்விட்டால், ஆள் அதை அழுத்துகிறார். கை சோர்கிறது. பிடி தளர்கிறது. அந்த நேரத்தில் தகட்டின் நுனி, அதிலும் நுனியின் மேல் பாகம், வேறு ஒரு கிளையில் பட்டால் எந்திரம் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளி எழும்! அதைத் தடுக்கத்தான் முன்னால் ஒரு பிரேக் இருக்கிறது. தினமும் வேலை தொடங்கும் முன் அது பிடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பிரேக் கெட்டுப்போன எந்திரத்தைக் கையில் எடுக்கவே கூடாது.

பல்லை மழுங்கச் செய்யும் முதல் எதிரி மண். மாமரப் பட்டையில் கரையான் கட்டிய மண் இருக்கும். அதைச் சுரண்டிவிட்டு அறுக்க வேண்டும். பலகை மாட்ட அடித்த ஆணியும், வேலிக் கம்பியும் மரத்துக்குள் புதைந்து கிடக்கும். 2018 நவம்பரில் "கஜா" புயல் டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்ததே, அப்படித் தரையில் கிடக்கும் மரங்களை அறுக்கும்போது சங்கிலி மண்ணில் உரசுவது சகஜம். ஒரு தடவை உரசினாலும் நிறுத்திவிட்டுத் தீட்டுவதே புத்திசாலித்தனம்.

அரம் போடும் முறை

முதலில் என்ஜினை நிறுத்துங்கள். பிளக் வயரைக் கழற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தீட்டுவதற்கு உருண்டை அரம் வேண்டும். சங்கிலிக்குச் சங்கிலி அளவு மாறும். சிறிய எந்திரங்களுக்கு 4 மில்லிமீட்டர் அரமும், அதைவிடப் பெரியவற்றுக்கு 4.8 மில்லிமீட்டர் அரமும் பெரும்பாலும் பொருந்தும். எந்திரத்துடன் வரும் புத்தகத்தில் சரியான அளவு போட்டிருக்கும். அதைப் படிக்காமல் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருகிறவர்கள்தான் அதிகம்!

அரத்தைப் பல்லின் உள்பக்கம் இருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். தள்ளும்போது மட்டும்தான் அரம் வெட்டும். திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். பல்லின் மேல் உள்ள சாய்வுக் கோட்டையே பின்பற்றுங்கள். பல சங்கிலிகளில் அது 30 டிகிரி இருக்கும். ஒரு பல்லுக்கு மூன்று தேய்ப்பு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். ஒரு பக்கத்துப் பற்களை முடித்த பிறகு, மறுபக்கம் வந்து நில்லுங்கள். பல் நீளத்தில் வித்தியாசம் இருந்தால், மிகவும் குட்டையாக உள்ள பல்லின் அளவுக்கு மற்றவற்றையும் கொண்டுவர வேண்டும்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறதே, அது எதற்கு? தச்சர் இழைப்புளியில் உளி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறதோ, அவ்வளவு கனத்துக்குத்தான் சுருள் வரும். இந்த மேடும் அதே வேலையைச் செய்கிறது. பல்லைவிட இது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தாழ்ந்து இருப்பது வழக்கம். பல தடவை தீட்டிய பிறகு, அளவுத் தகடு வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் இதைக் குறைக்க வேண்டும். கண் மதிப்பில் அதிகமாகத் தேய்த்தால் பல் மரத்தைக் கவ்வி, எந்திரம் உதறும்.

இரண்டு எண்ணெய்

அந்தக் காலத்து ஸ்கூட்டருக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்தது நினைவு இருக்கிறதா? இதுவும் அந்த ரகம். இப்போது வரும் பல எந்திரங்களுக்கு 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில். மறந்துவிட்டால் பிஸ்டன் இறுகிப்போகும்.

சங்கிலிக்கு வேறு எண்ணெய், வேறு தொட்டி. பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் இதையும் நிரப்ப வேண்டும். வண்டியில் வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றுவது சிக்கனம் அல்ல. அதில் உள்ள இரும்புத்தூள் சங்கிலியையும் தகட்டையும் அரித்துவிடும்.

சங்கிலி தொங்கக்கூடாது. ஆனால் கையால் இழுத்தால் நகர வேண்டும். சூட்டில் நீண்ட சங்கிலியை முறுக்கிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போகாதீர்கள். ஆறியதும் அது சுருங்கி அச்சைக் கெடுக்கும். மாலையில் தளர்த்தி வையுங்கள். காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். தீட்டும்போதெல்லாம் தகட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு ஓரமும் சமமாகத் தேயும்.

தோப்பு வேலை முடிந்து எந்திரத்தை மூலையில் வைக்கப்போகிறீர்களா? பெட்ரோல் தொட்டியைக் காலி செய்துவிட்டு, மிச்சம் தீரும்வரை ஓடவிடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் கார்புரேட்டரின் மெல்லிய ரப்பரைக் கெடுத்துவிடும். பிறகு, தகட்டின் மேல் உறையை மாட்டி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.