நிற்க மறுக்கும் பழைய டிராக்டர்!

பிரேக்கைக் கெடுக்கும் எண்ணெய்

இங்கிலாந்தில் "சின்னச் சாம்பல் பெர்கி" என்று ஒரு டிராக்டருக்குச் செல்லப்பெயர் உண்டு. அதன் உண்மையான பெயர், பெர்குசன் டி.இ. 20.

1946-ம் ஆண்டு முதல் 1956-ம் ஆண்டு வரை கவன்டிரி நகரில் இந்த ரகம் 5 லட்சத்துக்கும் மேல் தயாராயிற்று. எவரெஸ்ட் வீரர் ஹில்லாரி, 1958-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி தென்துருவத்தை அடைந்ததும் பெர்குசன் டிராக்டரில்தான்!

இன்றும் பலர் அதைப் பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். அவர்களைப் பயமுறுத்துவது பிரேக்.

எப்படி வேலை செய்கிறது?

முன்சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒரு டிரம் இருக்கிறது. பெடலை மிதித்தால் இரும்புக் கம்பி இழுக்கும். டிரம்முக்குள் இருக்கும் 2 "ஷூ"க்கள் விரிந்து உராயும். வண்டி நிற்கும்.

கோளாறு எங்கே?

பெடல் ஆழமாக இறங்கினால், லைனிங் தேய்ந்திருக்கலாம். அல்லது கம்பி தளர்ந்திருக்கலாம். சக்கரம் சுற்றாத அளவுக்கு ஷூவை இறுக்க வேண்டும். பிறகு, தடையின்றிச் சுற்றும் வரை தளர்த்த வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவாக இருப்பது அவசியம். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிவிடும்.

இறுக்கியும் நிற்கவில்லையா? டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும். லைனிங் ஈரமாகப் பளபளத்தால் குற்றவாளி எண்ணெய்தான்!

இந்த டிராக்டரில் கியர் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் ஒரே எண்ணெய். அச்சில் உள்ள "ஆயில் சீல்" தேய்ந்தால் எண்ணெய் கசிந்து டிரம்முக்குள் புகுந்துவிடும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினாலும் இதே ஆபத்துதான். லைனிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. சீலையும் மாற்றினால்தான் கோளாறு தீரும்.

உஷார்!

சக்கரத்தைக் கழற்றும் முன் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. அச்சுக்கு அடியில் உறுதியான தாங்கி வேண்டும்.

பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அதன் தூள் நுரையீரலுக்கு எமன். வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

சரிவில் இறங்கும் முன்பே குறைந்த கியரைப் போட்டுவிட வேண்டும். நடுவில் கிளட்சை மிதித்தால் வண்டி பாய்ந்துவிடும்.

ஓடாத டிராக்டரால் வேலைதான் கெடும். நிற்காத டிராக்டரால் உயிரே போகும்!