வெட்டுவதற்கு முன்பே தொடங்கும் வேலை

கோவை–கரூர் சாலையில் உள்ள வெள்ளகோவிலைச் சுற்றியிருப்பது கனரக வண்டிகளை நம்பிய வட்டாரம். நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிக்கும், திருச்செங்கோடு ரிக் வண்டிக்கும், கரூர் பேருந்துக் கூண்டு கட்டுவதற்கும் பெயர் பெற்றவை. ஓடித் தேய்ந்த வண்டி ஒருநாள் கண்டமாகி (ஓடத் தகுதியற்றதாகி), கேஸ் கட்டிங்கில் துண்டுகளாகி, உருக்காலைக்குப் போகும். வெட்டும் இடத்தில் விபத்து நடந்தால் தீயைப் பழிக்கிறோம். பெரும்பாலும் பிழை தீயில் இல்லை. வண்டிக்குள் அடைபட்டிருக்கும் விசையையும் ஆவியையும் எண்ணெயையும் நீக்காமல் வெட்டத் தொடங்குவதில் இருக்கிறது.

டீசல் வடித்த டேங்க் காலி என்று தோன்றும். உள்ளே தங்கிய ஆவியோ, கட்டிங் தீயின் சூட்டில் வெடிக்கும். காற்று இறங்காத டயர் உள்ள ரிம்மைச் சூடாக்கினால் டயர் வெடித்து ஆளைத் தூக்கி எறியும். எல்லாவற்றையும்விட மோசமானது, ஏர் பிரேக் லாரியின் பின்சக்கரங்களில் உள்ள பிரேக் சேம்பர். காற்றை வெளியேற்றினாலும் அதற்குள் நெருக்கப்பட்ட ஸ்பிரிங் முழுதாகத் தளராது. பூட்டும் போல்ட்டைப் போட்டு அதை அடக்காமல் கிளாம்பைக் கழற்றினால் உயிரே போகும். ஆகவே முதலில் பேட்டரி, பிறகு எண்ணெய்களும் டீசலும், அடுத்து டயரும் சேம்பரும், கடைசியில்தான் கட்டிங். கழிவு எண்ணெயை மண்ணில் ஊற்றினால் அது கிணற்று நீரைக் கெடுக்கும். பேட்டரியின் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

‘இத்தனை வருசம் இப்படித்தான் உடைக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள் வண்டி உடைப்பவர்கள். அனுபவம் பெரிதுதான். ஆனால் அடைபட்ட விசை வெளியில் தெரியாது, எச்சரிக்கவும் செய்யாது. ‘நேரமும் கூலியும் யார் தருவது?’ என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஒரு பங்கு விடை சரக்கிலேயே உண்டு: உடையாத பேட்டரியும், தனியே பிரித்த செம்பும் அலுமினியமும் கலப்பு இரும்பைவிட நல்ல விலை பெறும். மறுபங்கு சட்டத்தில் இருக்கிறது. 2021 செப்டம்பரில் வந்த மத்திய விதிகள் பதிவு பெற்ற உடைப்பு மையங்களுக்கு வழிவகுத்தன; 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் ஆயுள் முடிந்த வண்டிகளுக்கு உற்பத்தியாளர்களையும் பொறுப்பாக்கின. அத்தகைய மையத்துக்கான முதலீடு சிறு பழைய இரும்புக் கடைக்காரரால் முடியாது என்பதும் உண்மையே. அதற்காக அவரைத் தொழிலைவிட்டுத் துரத்தக் கூடாது. வண்டி சேகரிப்பிலும் பாகம் பிரிப்பிலும் பயிற்சி தந்து மையங்களோடு இணைக்க வேண்டும். அந்தப் பயிற்சிச் செலவில், வண்டியை விற்று லாபம் கண்ட நிறுவனங்களும் பங்கேற்பதே நீதி.